முதல் வீடும் நல்ல தரகரும்

“வீட்டைக் கட்டிப் பார், கலியாணத்தைச் செய்து பார்” என்று நம் முன்னோர் சொல்லி வைத்தனர். அந்தப் பழமொழி பிறந்த காலத்தில் கட்டுவதற்கு மண் இருந்தது. இன்று கொட்டாஞ்சேனையில் குடியிருக்கும் நம் போன்றோர்க்குக் கட்டும் பேச்சே இல்லை. கட்டியதை வாங்கும் பேச்சுத்தான் உண்டு. ஆகவே “வீட்டை வாங்கிப் பார்” என்று பழமொழியைச் சற்றே திருத்திக் கொள்ளலாம். வாங்கப் புறப்படுபவர் முதலிற் காணும் முகம் வீட்டுக்காரருடையதன்று, தரகருடையது. அந்த முகத்தை அறிவது எப்படி என்பதைப் பற்றியே இங்கு எழுத எண்ணுகின்றோம்.

கொழும்பு 13 எனத் தபாற்காரர் அறியும் கொட்டாஞ்சேனை, ஓரடி நிலமும் வெறிதே கிடவாத இடம். புனித லூசியாள் பேராலயத்தின் மணி ஒரு புறமும், கொச்சிக்கடைப் பொன்னம்பலவாணேசர் கோயிலின் மணி மறு புறமும் ஒலிக்க, இடையிலே ஒரு சுவரை இரு வீடுகளும் ஒரு படிக்கட்டை மூன்று குடும்பங்களும் பங்கிட்டு வாழ்கின்றன. யாழ்ப்பாணத்திலே பரப்புக் கணக்கில் நிலம் பார்த்துப் பழகியவருக்கு இங்குள்ள அளவு வியப்பைத் தரும். ஒரு பரப்பு பத்துப் பேர்ச். இங்கோ இரண்டு பேர்ச், மூன்று பேர்ச் என்றே விலை பேசுகின்றார்கள். ஒரு பேர்ச் என்பது 272¼ சதுர அடி மாத்திரமே. அத்துணைச் சிறிய நிலத்திற்கு ஒரு குடும்பத்தின் இருபது ஆண்டுச் சேமிப்பும், அடுத்த இருபது ஆண்டுக் கடனும் போதுமோ போதாதோ என்ற நிலை. இத்தகைய வாங்கலில் ஒரு பிழை நேர்ந்தால் அதைத் திருத்த வாழ்நாள் போதாது.

நாம் ஜம்பட்டா வீதியை அடுத்த ஓர் ஒழுங்கையிலே பதினேழு ஆண்டுகள் மேல்வீடு ஒன்றில் வாடகைக்கு இருந்தோம். சில ஆண்டுகளுக்கு முன், வீட்டுக்காரர் தம் மகளுடைய திருமணத்தை முன்னிட்டு வீட்டைத் திருப்பிக் கேட்டார். கேட்டது நியாயமே. பிள்ளைகளின் பள்ளிக்கூடமும் எமது கல்லூரியும் அருகில் இருந்தமையால் இவ்வூரை விட்டுப் போக மனம் வரவில்லை. “எத்தனை நாளைக்கு அடுத்தவர் சுவரில் ஆணி அடிக்க அனுமதி கேட்பது?” என்று எம் மனைவியார் கேட்டார். அன்று தொடங்கியது தேட்டம்.

அவசரப்படுத்தியவர்

முதலாவது தரகரைப் பத்திரிகையின் சிறு விளம்பரம் ஒன்றினால் அறிந்தோம். இளைஞர், சுறுசுறுப்பானவர், எந்நேரமும் காதிலே தொலைபேசி. முதல் நாளே ஒரு வீட்டைக் காட்டினார். இரண்டு அறை, சிறு முற்றம், நல்ல வெளிச்சம். எமக்குப் பிடித்திருந்தது. பிடித்துவிட்டது என்பதை அவர் எம் முகத்திலிருந்தே படித்துக் கொண்டார்.

“சேர், இன்னும் ரெண்டு பேர் காசோட நிக்கிறாங்க. இண்டைக்கே அட்வான்ஸ் வைச்சா வீடு உங்களுக்கு. நாளைக்கு எண்டா நான் பொறுப்பில்லை.”

எம் மனைவியாரின் சங்கிலியை அடகு வைத்து ஓர் இலட்சம் ரூபாவைக் கொடுத்தோம். விற்பவர் ஒரு வெள்ளைத் தாளிலே முத்திரை ஒட்டிக் கையெழுத்திட்டுத் தந்தார். பல ஆண்டுகளாகக் கல்லூரியிலே பாடம் சொல்லிக் கொடுக்கும் நாம், அந்தத் தாளைப் பெரும் ஆவணமாகக் கருதி மடித்துப் பெட்டியில் வைத்தோம்.

மூன்று வாரங்கள் கழித்தே உண்மை தெரிந்தது. அவ்வீடு ஐந்து சகோதரர்களுக்குப் பொதுவானது. எம்மிடம் பணம் வாங்கியவருக்கு உரியது பிரிக்கப்படாத ஐந்திலொரு பங்கு. கடல் கடந்து வாழும் இருவர் விற்கச் சம்மதிக்கவில்லை. ஒரு பங்கை வாங்கினால் மற்றப் பங்காளிகளோடு நாமும் ஒரு பங்காளியாவோமேயன்றி வீட்டுக்குச் சொந்தக்காரராக மாட்டோம். பிறகு 1977 ஆம் ஆண்டின் பிரிவினைச் சட்டத்தின்படி வழக்குத் தொடுத்து, ஆண்டுகளை எண்ணிக்கொண்டு இருக்க வேண்டியதுதான்.

அந்த வெள்ளைத் தாளின் மதிப்பு யாது? இலங்கையிலே 1840 ஆம் ஆண்டின் 7 ஆம் இலக்க மோசடித் தடுப்புக் கட்டளைச் சட்டம் இன்றும் நடைமுறையில் உள்ளது. காணியையோ வீட்டையோ விற்பது மட்டுமன்று, விற்பதாகச் செய்யும் உடன்படிக்கையும் எழுத்தில் இருக்க வேண்டும். நொத்தாரிசு முன்னிலையில், இரு சாட்சிகளோடு கையெழுத்தாக வேண்டும். இல்லையேல் விற்கும்படி எவரையும் கட்டாயப்படுத்த இயலாது. கொடுத்த காசைத் திருப்பிக் கேட்கலாம். வீட்டைக் கேட்க முடியாது. ஏறத்தாழ இருநூறு ஆண்டு வயதான இச்சட்டத்தை, ஓர் இலட்சம் ரூபாவைக் கொடுத்த பின்னரே நாம் கற்றுக் கொண்டோம்.

பணம் எட்டு மாதங்களில், பத்தாயிரமும் ஐயாயிரமுமாகத் திரும்பி வந்தது. அடகு வட்டி திரும்பி வரவில்லை. மகள் உயர்தரப் பரீட்சைக்குப் படிக்கும் ஆண்டிலே இன்னொரு வாடகை வீட்டுக்குச் சாமான்களை ஏற்றினோம். தரகர் அறிந்தே மறைத்தாரா, அறியாமலே விட்டாரா என்பது இன்றும் எமக்குத் தெரியாது. ஆனால் ஒன்று தெளிவு: மறைக்கும் தரகர் நமக்கு ஆகாதவாறு போலவே, அறியாத தரகரும் ஆகார்.

தரகரின் கணக்கு

தரகர்களைத் தூற்றுவது எமது நோக்கமன்று. அவருடைய கணக்கு எப்படி ஓடுகின்றது என்பதை வாங்குபவர் அறிந்திருந்தால் மனத்தாங்கலுக்கே இடமிராது.

நம்மிடையே வழக்கம், விலையில் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று தரகுக் கூலி. பெரும்பாலும் விற்பவரே கொடுப்பார். ஒன்றரைக் கோடி ரூபா விலையுள்ள வீட்டை எடுத்துக்கொள்வோம். நூற்றுக்கு மூன்று என்றால் 450,000 ரூபா. பேரம் பேசி ஐந்து இலட்சம் குறைத்தால் நமக்கு மிச்சம் ஐந்து இலட்சம். தரகருக்கு நட்டம் 15,000 ரூபா மட்டுமே. ஆனால் விற்பனையே நடவாமற் போனால் அவருக்கு ஒரு சதமும் இல்லை. ஆகவே விலை கூடுவதிலும் குறைவதிலும் அவருக்குள்ள அக்கறை சிறிது; விற்பனை விரைவில் முடிவதில் உள்ள அக்கறை பெரிது. அவசரம் அவருடைய தீயகுணமன்று. அவருடைய கூலியின் அமைப்பு.

இது நம் ஊருக்கு மட்டும் உரியதுமன்று. அமெரிக்காவிலே லெவிற், சைவர்சன் என்னும் இரு பொருளியலறிஞர்கள் சிக்காக்கோ நகரப் பகுதியில் ஏறக்குறைய ஓர் இலட்சம் வீட்டு விற்பனைகளை ஆராய்ந்து 2008 இல் முடிவை வெளியிட்டனர். முகவர்கள் தம் சொந்த வீட்டை விற்கும்போது பிறர் வீட்டை விற்பதைக் காட்டிலும் சராசரி ஒன்பதரை நாள் கூடுதலாகக் காத்திருந்தனர், நூற்றுக்கு 3.7 வீதம் கூடுதலான விலையும் பெற்றனர். தம் வீடென்றால் பொறுமை. பிறர் வீடென்றால் விரைவு. பதிவும் படிப்பும் உள்ள முகவர்களின் நடத்தையே இதுவெனில், மற்றவரை நாம் தனியே குறை சொல்வது எங்ஙனம்?

இந்தியாவிலே 2016 ஆம் ஆண்டின் சட்டம், அதன்கீழ் வரும் கட்டடத் திட்டங்களில் வீடு விற்றுக்கொடுக்கும் முகவர் அதிகார சபையிலே பதிவு செய்ய வேண்டும் என விதித்தது. நம் ஒழுங்கைகளிலே வீடு காட்டுவோர் பலரிடம் பெயர்ப்பலகையும் இல்லை, பதிவிலக்கமும் இல்லை. அவர்களுடைய பதிவேடு ஊராரின் வாய்தான். ஆகவே ஊராரிடம் விசாரிக்காமல் தரகரைத் தேர்ந்தெடுப்பது, கண்ணை மூடிக்கொண்டு கடவையைக் கடப்பதற்கு ஒப்பாகும்.

“வேண்டாம்” என்று சொன்னவர்

இரண்டாவது தரகரை அவ்வாறு ஊரார் வாயினாலேயே அறிந்தோம். எம்மோடு படிப்பிக்கும் ஆசிரியர் ஒருவர், தம் வீட்டை வாங்கித் தந்தவர் என்று ஒரு முதியவரைக் காட்டினார். எழுபது வயதைத் தாண்டியவர். தேநீர்க் கடை வாங்குதான் அவருடைய காரியாலயம். எந்த வீட்டில் எவர் இருந்தார், எப்போது போனார், எவருக்கு எவரோடு வழக்கு என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம்.

முதலில் ஒரு கீழ்வீட்டைக் காட்டினார். விலை மலிவு. நாம் மகிழுமுன்னே அவர் பின்புறக் கதவைச் சுட்டினார்.

“மாஸ்டர், பின்னறையில ஒரு அம்மா இருக்கிறா. நாப்பது வருசமா வாடகை. அவவை எழுப்பலாம் எண்டு வீட்டுக்காரர் சொல்லுவார். ஏலாது. வேண்டாம்.”

அவர் சொன்னது சரியே. 1972 ஆம் ஆண்டின் வாடகைச் சட்டத்தின் பாதுகாப்பைப் பெற்ற பழைய வாடகைக்காரரை, வீடு கைமாறிவிட்டது என்ற காரணத்தால் மட்டும் எழுப்ப முடியாது. வீட்டோடு வாடகைக்காரரையும் சேர்த்தே வாங்குகின்றோம். அந்த அம்மையார் பக்கமும் ஒரு நியாயம் உண்டன்றோ? நாற்பது ஆண்டு வாழ்ந்த அறையைவிட்டு அவர் எங்கே போவார்?

அடுத்தது ஒரு மாடிக் கட்டடத்தின் மூன்றாம் தளத்தில் ஒரு வீடு. புதிய ஓடுகள், பளபளக்கும் குளியலறை. “இதுக்குத் தனி உறுதி இல்லை மாஸ்டர். கேட்டுப் பாருங்கோ, தாறம் தாறம் எண்டுதான் சொல்லுவினம்” என்றார். மாடி வீடுகளைத் தனித்தனியே சொந்தமாக்கிக் கொள்ள வழி செய்தது 1973 ஆம் ஆண்டின் 11 ஆம் இலக்க மாடிவீட்டு உடைமைச் சட்டம். கட்டடம் முழுமைக்கும் கூட்டாதன வரைபடம் முறையாகப் பதிவாகியிருந்தால்தான் ஒவ்வொரு வீட்டுக்கும் தனி உறுதி எழுதலாம். படிக்கட்டு, கூரை, நீர்த்தொட்டி முதலியவற்றில் நமக்குள்ள பங்கும் அப்போதே உறுதிப்படும். அந்தப் பதிவு இல்லாத இடத்தில் நாம் வாங்குவது வீட்டையன்று, ஒரு வாக்குறுதியை.

மூன்றாவது வீட்டின் முன் விறாந்தை மாநகர சபையின் தெருக்கோட்டுக்குள் அகப்பட்டிருந்தது. தெருவை அகலிக்கும் நாளில் விறாந்தை போகும். அதையும் அவரே சொன்னார். மூன்று வீட்டுக்கும் “வேண்டாம்” என்று சொன்னதால் மூன்று தரகுக் கூலியை அவர் இழந்தார். அன்று வீட்டுக்குத் திரும்பும்போது, “இவர் காட்டும் நாலாவது வீட்டை வாங்கலாம்” என்று எம் மனைவியார் சொன்னார். நல்ல தரகருக்கு நாம் அறிந்த இலக்கணம் இதுவே: நாம் கேளாமலே வீட்டின் குறையைச் சொல்பவர்.

நொத்தாரிசு நம்மவராகட்டும்

நாலாவது வீடு மேபீல்ட் வீதிப் பக்கம். சிறியது, பழையது, ஆனால் விற்பவர் ஒருவரே. முதியவர் எம்மை மூன்று முறை அங்கே வரச் செய்தார். விடியற்காலை ஆறு மணிக்கு ஒருமுறை, குழாயில் நீர் வரும் வேகத்தைப் பார்க்க. இரவு எட்டு மணிக்கு ஒருமுறை, ஒழுங்கைக்குள் முச்சக்கர வண்டி வருமா, அயலார் எப்படி என்று பார்க்க. பெருமழை நாளில் ஒருமுறை, வெள்ளம் எந்தப் படி வரை ஏறுகின்றது என்று பார்க்க.

பின்பு, “நல்ல நொத்தாரிசு ஒருவரைச் சொல்லுங்கள் ஐயா” என்று கேட்டோம். அவர் தலையை ஆட்டினார்.

“அது மட்டும் நீங்கள் பாருங்கோ மாஸ்டர். நான் கூட்டி வந்தா அவர் என்ர ஆள். நீங்கள் கூட்டி வந்தா உங்கட ஆள்.”

இந்த ஒரு வாக்கியத்தை முதன்முறை வீடு வாங்கும் ஒவ்வொருவரும் மனத்திலே பதித்துக் கொள்ள வேண்டும். வீட்டைக் காட்டுவது தரகர் வேலை; உறுதியைச் சோதிப்பது அவர் வேலையன்று. தரகர் எத்துணை நல்லவராயினும் அவருடைய கூலி விற்பனையில் இருக்கின்றது. நொத்தாரிசின் கூலியோ நம் பையிலிருந்து, விற்பனை நடந்தாலும் நடவாவிட்டாலும், உறுதியைப் பார்த்த உழைப்புக்காகப் போக வேண்டும். அவ்விரு கூலிகளும் ஒன்றோடொன்று கலக்கும் இடத்தில்தான் ஏமாற்றம் பிறக்கின்றது.

நாம் தேர்ந்த நொத்தாரிசு, காணிப் பதிவகத்தின் ஏடுகளிலே முப்பது ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றார். கொட்டாஞ்சேனை போன்ற பழைய பகுதிகளில் அந்தச் சங்கிலி பல வளைவுகளை உடையது. 1973 இல் வந்த வீட்டு ஆதன உச்சவரம்புச் சட்டத்தினால், வரம்புக்கு மேற்பட்ட வீடுகள் தேசிய வீடமைப்பு ஆணையாளர் வசமாயின. ஆகவே சில உறுதிகளின் இடையே அவர் பெயரும் வரும். விற்பவர் கனடாவிலோ இலண்டனிலோ இருந்து அற்றோணித் தத்துவத்தினால் விற்பதும் நம்மிடையே மிகுதி. தத்துவம் கொடுத்தவர் இறந்த கணமே அதுவும் இறந்துபோம். ஆதலால் அவர் உயிரோடு இருக்கின்றாரா என்று அன்றன்றே கேட்டறிய வேண்டும். தேசவழமைக்கு உட்பட்ட மணமான பெண் விற்பவரானால், 1911 ஆம் ஆண்டின் கட்டளைச் சட்டம் விதித்த கணவனின் எழுத்துமூல இணக்கம் உண்டா என்றும் பார்க்க வேண்டும்.

எமது வீட்டிலே இரு குறைகள் வெளிப்பட்டன. ஒன்று, வங்கி ஒன்றிலே முடியாத ஈடு. விற்பவர் கையில் முழுப் பணத்தையும் கொடாது, வங்கிக்குரியதை வங்கியிலேயே கட்டி, ஈட்டை நீக்கும் பத்திரத்தைப் பெற்றோம். மற்றதைக் கண்டுபிடித்தவர் நொத்தாரிசும் அல்லர், தரகரும் அல்லர், எம் மகள். உறுதியின் அட்டவணையை நில அளவைப் படத்தோடு ஒப்பிட்டு வாசித்தவள், “அப்பா, கதவில் இருக்கிற இலக்கமும் உறுதியில் இருக்கிற இலக்கமும் வேறையாக இருக்குது” என்றாள். மாநகர சபை இடையிலே வரி இலக்கத்தை மாற்றியிருந்தது. இரண்டும் ஒரே வீடுதான் என்று சபையிடமிருந்து சான்று பெற ஒரு மாதம் சென்றது. மாணவர்களே, உங்கள் பெற்றோர் வீடு வாங்கும்போது உறுதியை நீங்களும் ஒருமுறை வாசியுங்கள். கொழும்பிலே பல உறுதிகள் சிங்களத்திலோ ஆங்கிலத்திலோ எழுதப்படுகின்றன. வாசிக்க இயலாத தாளிலே கையெழுத்திடும் பெற்றோருக்கு உங்கள் படிப்பு அன்று உதவட்டும்.

தரகரிடம் கேட்க வேண்டியவை

எம் அனுபவத்தைச் சுருக்கிச் சொல்வோம். தரகரைக் கண்டதும் முதலிற் கேட்க வேண்டியது, “உங்கள் கூலியை யார் தருகின்றார், எவ்வளவு, எப்போது?” என்பதே. வெட்கப்படாது கேளுங்கள், நல்லவர் வெட்கப்படாது சொல்வார். கூலி, உறுதி முடியும் நாளில்தான் கொடுக்கப்படும் என்பதையும் அப்போதே பேசிக்கொள்க. இரண்டாவது, அவர் மூலம் வாங்கிய இரு குடும்பங்களைக் கேட்டு, அவர்களை நேரிலே போய்க் காணுங்கள். மூன்றாவது, “இந்த வீட்டில் என்ன குறை?” என்று கேளுங்கள். குறையே இல்லை என்பவரை விட்டு விலகுங்கள்.

முற்பணத்தைத் தரகர் கையில் ஒருபோதும் கொடாதீர்கள். விற்பவருக்கும் நொத்தாரிசு எழுதிய உடன்படிக்கையின் மேலேயே கொடுங்கள். உறுதியின் பிரதி, நில அளவைப் படம், சோலைவரிப் பற்றுச்சீட்டு, தெருக்கோட்டுச் சான்றிதழ், கட்டடத்துக்கான இணக்கச் சான்றிதழ் ஆகியவற்றைப் பார்க்காமல் விலை பேசாதீர்கள். தரகர் உங்கள் அடையாள அட்டையையும் பணம் வந்த வழியையும் கேட்டால் சினங்கொள்ள வேண்டா. 2006 ஆம் ஆண்டின் நிதிக் கொடுக்கல் வாங்கல்களை அறிக்கையிடல் சட்டம் அவர்மீது சுமத்திய கடமை அது. கேட்பவரே முறையறிந்தவர்.

வீட்டு விலையோடு செலவு முடிந்துவிடாது என்பதையும் நினைவிற் கொள்க. முத்திரை வரி முதல் இலட்சத்துக்கு நூற்றுக்கு 3, மிகுதிக்கு நூற்றுக்கு 4 என்ற வீதத்தில், அந்த ஒன்றரைக் கோடி வீட்டுக்கு மட்டும் 599,000 ரூபா ஆகும். அதை வாங்குபவரே கட்ட வேண்டும். இதனை முதல் நாளே சொல்லாத தரகர், உங்கள் பணப்பையின் அளவை அறியாமலே வீடு காட்டுகின்றார்.

இறுதியாக, உறுதி கையெழுத்தானதும் பதிவைத் தாமதிக்க வேண்டாம். 1927 ஆம் ஆண்டின் ஆவணங்கள் பதிவுக் கட்டளைச் சட்டத்தின்படி, ஒரே வீட்டை இருவருக்கு விற்றுவிட்டால், பிந்தி வாங்கியவர் மோசடியின்றி விலை கொடுத்து முந்திப் பதிந்திருந்தால், முந்தி வாங்கிப் பதியாதவர் தோற்பார். உறுதியைப் பெட்டியிலே வைத்துப் பூட்டுவது பதிவாகாது.

குடிபூரல்

நல்ல நாள் பார்த்துப் பால் காய்ச்சினோம். முதியவரையும் அழைத்திருந்தோம். வெள்ளை வேட்டியோடு வந்து, வாசலிலேயே நின்றார். எம் மனைவியார், “உள்ளே வாருங்கோ ஐயா, நீங்கள் காட்டின வீடு” என்று அழைத்துச் சென்று தேநீர் கொடுத்தார். அவர் தேநீரைக் குடித்துக்கொண்டே பின்சுவரை நெடுநேரம் உற்றுப் பார்த்தார்.

“பிள்ளை, அந்த வெடிப்பு நான் காட்டேக்குள்ள இல்லை. மாரிக்கு முதல் பூசிப்போடுங்கோ” என்றார்.

கூலி கிடைத்துவிட்டது, விற்பனை முடிந்துவிட்டது, இனி அவருக்கு அந்தச் சுவரோடு ஒரு தொடர்பும் இல்லை. இருந்தும் குறையைச் சொன்னார். அடுத்த கிழமையே மேசனை அழைத்து வெடிப்பைப் பூசினோம். அதன் பின், யாரிடமும் அனுமதி கேளாமல், எம் மனைவியார் சுவரிலே ஓர் ஆணி அடித்துச் சுவாமி படத்தை மாட்டினார்.